பழைய அவுட்போர்டு என்ஜின்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

பழைய அவுட்போர்டு (படகின் பின்பலகையில் மாட்டும் என்ஜின்) வாங்கப் போகிறவர்களுக்காகவும், வாங்கிவிட்டு மூடியைக் கழற்றி வைத்து யோசித்துக்கொண்டு நிற்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை நம் இராமநாதபுரம் கரையில் வத்தை என்னும் மரப் படகிலும் ஃபைபர் படகிலும் ஓடுகிற டூ ஸ்ட்ரோக் என்ஜின்களைத்தான் சொல்கிறேன். 8 குதிரைத்திறனிலிருந்து 40 வரை, பெட்ரோலில் ஓடுவதும் சீமெண்ணெயில் ஓடுவதும் இதில் சேரும்.

விலையை முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. மேலே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்), கீழே கியர்பெட்டி. இவை நன்றாக இருந்தால் மற்ற எந்தக் குறையையும் சின்னச் செலவில் சரிசெய்துவிடலாம். இவற்றில் ஒன்று போயிருந்தாலும் சம்மாட்டி (படகு உரிமையாளர்) சொல்லும் விலைக்கு அந்த என்ஜின் பெறாது. பழுது பார்க்கும்போதும் ஒரு வரிசை உண்டு: எண்ணெய் (பெட்ரோல், சீமெண்ணெய்) வரும் வழி, கரண்ட் (பிளக்கில் அடிக்கும் பொறி), தண்ணீர். இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் சிலிண்டர் தலையில் ஸ்பேனர் வைக்க வேண்டும். டேங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறக்காமல் விட்டதற்கெல்லாம் என்ஜினையே பிரித்துப் போட்டு, உடைந்த போல்ட்டோடு பட்டறைக்குத் தூக்கி வருகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

கடலில் நிற்கிற என்ஜின் வெறும் செலவு மட்டும் இல்லை. வடகடலில் (பாக் விரிகுடாவில்) இராத்திரி என்ஜின் நின்றால் காற்றும் நீரோட்டமும் படகை இலங்கை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது நம் கரையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அதனால் கரையிலேயே பொறுமையாகப் பாருங்கள்.

வாங்கும் முன்

முதலில் கேட்க வேண்டியது என்ஜின் எந்தக் கடலில் ஓடியது என்பதை. வயதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். வடகடலான பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, சேறும் தாழையும் (கடல்புல்) அதிகம். அங்கே ஓடிய என்ஜினில் தண்ணீர் பம்பு தேய்ந்திருக்கும், தண்ணீர் போகும் வழியில் சேறு படிந்திருக்கும். தென்கடலான மன்னார் வளைகுடாவில் தீவுகளை ஒட்டிப் பார் (பவளப்பாறை) கிடக்கிறது. அங்கே ஓடியதில் காத்தாடி (புரொப்பெல்லர்) அடிபட்டிருக்கிறதா, அதன் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கச்சான் காற்றுக்கு ஒரு பக்கம், வாடைக் காற்றுக்கு ஒரு பக்கம் என்று படகை மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களுடைய என்ஜினில் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

"அண்ணே, நேத்து வரைக்கும் கடலுக்குப் போன இஞ்சின்" என்பார்கள். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் கீழக்கரைப் பக்கம் போனால் "காக்கா, ஒரு குறையும் இல்ல, இழுத்துப் பாருங்க" என்பார்கள். பெரும்பாலும் உண்மையாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் கயிற்றைத் தொடும் முன் சிலிண்டர் தலையில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். நன்றாக ஆறும்வரை உட்கார்ந்திருங்கள். குளிர்ந்திருக்கும்போது எத்தனை இழுப்பில் எடுக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே கியர்பெட்டியையும் பார்த்துவிட வேண்டும். ஓடினால் உள்ளே தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும். ஓர் இரவாவது நேராக நிறுத்தி வைத்த என்ஜினில் தண்ணீர் அடியில் தங்கி, எண்ணெய் மேலே நிற்கும். காத்தாடிக்குப் பக்கத்தில் கீழே இருக்கும் வடிகால் திருகை அரைச் சுற்று, முக்கால் சுற்று மட்டும் தளர்த்தி, விரலை அடியில் பிடியுங்கள். முதலில் விரலில் விழுவது எது என்று பாருங்கள். கெட்டியான எண்ணெய் மெதுவாக இறங்கினால் நல்லது. தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது. பால் கலந்த நிறத்தில் வந்தாலும் அதேதான். எண்ணெயை இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இரும்புத்தூள் தட்டுப்பட்டால் கியரோ பேரிங்கோ தேய்கிறது. திருகின் முனை காந்தமாக இருந்தால் அதில் மை மாதிரி கொஞ்சம் ஒட்டியிருப்பது சகஜம். செதில் செதிலாக ஒட்டியிருந்தால் அந்த என்ஜினை விட்டுவிடுங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன். கேஜ் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள், பட்டறையில் இரவல் கேட்டால்கூடத் தருவார்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை என்ஜின் உடம்பில் எர்த் செய்து, ரேஸை (த்ராட்டிலை) முழுக்கத் திறந்து வைத்து, முள் ஏறுவது நிற்கும்வரை கயிறு இழுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, இரண்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பது முக்கியம். பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் குறைந்த பக்கத்தில் ஒரு கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு மறுபடி இழுங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். சீமெண்ணெய் என்ஜினுக்குக் கம்பெனியிலேயே கம்ப்ரஷனைக் குறைத்துத்தான் செய்வார்கள். பெட்ரோல் என்ஜினின் எண்ணோடு அதை ஒப்பிட்டு ஒதுக்கிவிட வேண்டாம். பெட்ரோல் என்ஜினைச் செலவு மிச்சம் என்று சீமெண்ணெயில் ஓட்டியிருந்தால் அதுதான் ஆபத்து. உள்ளே தட்டித் தட்டிப் பிஸ்டன் தலை அரித்திருக்கும். பிளக் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும்.

பிளக் கழற்றி இருக்கும்போதே கியரைப் போட்டு, காத்தாடியை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். ஷாஃப்ட் முனைக்கு எதிரே ஒரு குச்சியை ஆடாமல் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைவது தெரியும். அப்படி ஆடினால் ஷாஃப்ட் வளைவு. புது சீல் போட்டாலும் அது நிற்காது.

மூடிக்குள் புது பெயிண்ட் வாசனை வந்தால், பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ளைவீலுக்கு அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்து, ஒயர் இணைப்புகள் பச்சை பிடித்திருந்தால் அது ஒருமுறை மூழ்கிய என்ஜின். போல்ட் தலைகளின் மூலை மழுங்கியிருந்தால் ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். ஏன் பிரித்தார்கள் என்று நேராகவே கேளுங்கள். அப்புறம் காகிதம். பிராக்கெட்டில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அரசு மானியத்தில் வாங்கியதென்றால் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துத் தெளிந்த பிறகு பணத்தைக் கொடுங்கள். ஷாஃப்ட் நீளம் 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்து உங்கள் படகின் பின்பலகையோடு பொருத்திப் பாருங்கள். இது பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல என்ஜினும் பிரயோசனப்படாது.

கயிறு இழுத்தால் சுற்றவே இல்லை

கியரில் இருக்கிறதா என்று பாருங்கள். கியரில் இருக்கும்போது கயிற்றைப் பூட்டிவிடும் அமைப்பு பல மாடல்களில் உண்டு. அது இல்லையென்றால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் துவாரத்தில் தண்ணீர் பீய்ச்சினால் சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. அந்த நிலையில் பிளக்கோடு பலமாக இழுத்திருந்தால் கனெக்டிங் ராடே வளைந்திருக்கும்.

பிளக் கழற்றியும் அசையாவிட்டால் ரிங் துருப்பிடித்து போரில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் டூ ஸ்ட்ரோக் ஆயிலும் கலந்து விட்டு, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் இலேசாக ஆட்டிப் பாருங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம். அவசரப்பட்டால் ரிங் துண்டாகி போரைக் கிழித்துவிடும்.

சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

கையில் மாட்டும் நிறுத்துக் கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் அந்த ஸ்விட்சே உள்ளுக்குள் ஷார்ட் ஆவதும் அடிக்கடி நடக்கிறது. கரண்ட் இல்லை என்றால் ஸ்விட்சின் ஒயரைத் தனியாகக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கரண்ட் வந்துவிட்டால் பழுது ஸ்விட்சில். இதைச் செய்யாமல் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சி.டி.ஐ. யூனிட் வாங்கிப் பணத்தைத் தொலைக்காதீர்கள்.

பிளக்கை ஒயரில் மாட்டி என்ஜின் உடம்பில் நன்றாக ஒட்டவைத்து, நிழலில் இழுத்துப் பாருங்கள். நீலமாகச் சுள்ளென்று அடிக்க வேண்டும். மஞ்சளாக, மெலிசாக இருந்தால் போதாது. பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டாம், உள்ளிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். புது பிளக் போடும்போது எண்ணை முழுசாகப் படியுங்கள். என்.ஜி.கே. பிளக் எண்ணின் கடைசியில் 10 என்று இருந்தால் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்று அர்த்தம். கடையில் அது இல்லையென்று வேறு ஒன்றைத் தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள்.

கரண்ட் இருக்கிறது என்றால் பிளக் ஈரமா காய்ந்ததா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்திருந்தால் அளவுக்கு மேல் வந்திருக்கிறது. சீமெண்ணெய் என்ஜின் காலையில் மட்டும் அடம்பிடித்தால், முந்தைய நாள் சீமெண்ணெயிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். கார்பரேட்டர் கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிட்டுப் பெட்ரோலை நிரப்பி இழுங்கள். பெட்ரோலில் எடுத்து, சூடேறிய பின் சீமெண்ணெய்க்கு மாற்றி, கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு வந்து நிறுத்துவதுதான் முறை.

ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது

பழைய என்ஜின்களில் அதிகம் வருகிற புகார் இது. பெரும்பாலும் என்ஜினுக்கு வெளியில்தான் பழுது இருக்கும். டேங்கிலிருந்து என்ஜினுக்கு வரும் டியூபில் இருக்கும் ரப்பர் பல்பே நல்ல சோதனைக் கருவி. என்ஜின் சோர்ந்துபோகும் நேரத்தில் அதைக் கையால் அழுத்துங்கள். உடனே என்ஜினுக்கு உயிர் வந்தால், எண்ணெய் வரத்தில் குறை என்பது உறுதி. பல்பு உறிஞ்சப்பட்டுத் தட்டையாகக் கிடந்தால், அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் இடையில். டேங்க் மூடியின் காற்றுத் திருகு, உறிஞ்சு குழாயின் சல்லடை, இரண்டையும் பாருங்கள். எவ்வளவு அழுத்தினாலும் பல்பு கெட்டிப்படவில்லை என்றால் எங்கோ காற்று வாங்குகிறது. டியூப் கனெக்டருக்குள் இருக்கும் ஓரிங் வெடித்திருக்கும், அல்லது டியூபே வெடித்திருக்கும். பல்பு கெட்டியாகவே நின்றும் என்ஜின் சோர்ந்தால் கார்பரேட்டரில் அடைப்பு. பல்பை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிறது, வெளியே எதுவும் குறையில்லை என்றால் எண்ணெய் பம்பின் டயாஃபிரத்தை மாற்றுங்கள். நாலு திருகுதான், கரையிலேயே மாற்றலாம்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் கரைக் காற்றில் பாதி டேங்க் பெட்ரோலைச் சில வாரம் விட்டுவைத்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கலாம். பழைய ரப்பர் டியூபையும் அது உப்ப வைக்கும். பழைய என்ஜின் வாங்கினால் டியூப், பல்பு, டயாஃபிரம், ஓரிங் எல்லாவற்றையும் யோசிக்காமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.

ஐடிலிங் நிற்கவில்லை, ரேஸ் கொடுத்தால் இழுக்கவில்லை

ஐடிலிங் மட்டும் நிற்கவில்லை என்றால் சின்ன ஜெட், ரேஸில் இழுக்கவில்லை என்றால் பெரிய ஜெட். ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குப் போகிற ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பாதி அடைத்த ஜெட் பெட்ரோலைக் குறைக்கும்போது ஆயிலையும் குறைத்துவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கார்பரேட்டர் உள்ள என்ஜினில், ஒன்று அடைத்தால் அந்தப் பிஸ்டன் மட்டும் காய்ந்து பிடித்துக்கொள்ளும். என்ஜின் நன்றாகவே ஓடினாலும், வாங்கியதும் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் கடலுக்குப் போகக் கூடாது.

ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்ற சந்தேகம் இருந்தால், ஓடும்போது பிளக் மூடியைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டால் சி.டி.ஐ. போகும். என்ஜினை நிறுத்தி, ஒயரை எர்த் செய்த வேறொரு பிளக்கில் மாட்டிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

தண்ணீர் பீய்ச்சவில்லை, என்ஜின் சூடாகிறது

பின்பக்கத் துவாரத்தில் தண்ணீர் பீய்ச்சுவது நின்றால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும். முதலில் அடியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் தாழையோ பாலிதீன் பையோ ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு பீய்ச்சும் துவாரத்தில் தடித்த தங்கூசி (நைலான்) நரம்பை விட்டுக் குத்துங்கள். உப்போ மணலோ அடைத்திருந்தால் திறந்துகொள்ளும். இரும்புக் கம்பி உள்ளே கீறிவிடும், நரம்பே போதும்.

அப்படியும் வரவில்லை என்றால் தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இம்பெல்லர். கீழ்க்கால் (கியர்பெட்டி உள்ள பகுதி) போல்ட்களைக் கழற்றி இறக்கினால் பம்பு தெரியும். ரப்பர் இறக்கைகள் ஒரே பக்கமாக வளைந்து நிமிராமல் இருந்தால் மாற்ற வேண்டும். இறக்கை ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று தேடி எடுத்தே ஆக வேண்டும். அது மேலே தண்ணீர்க் குழாயில் சிக்கியிருந்தால் புது இம்பெல்லரும் பயன் தராது. வடகடல் என்ஜினில் பம்புக் கிண்ணத்திலும் அடித்தகட்டிலும் மணல் அரைத்த வளையக் கோடுகள் இருக்கும். நகத்தில் தட்டினால் அவற்றையும் மாற்றுங்கள். புது இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்ட்டை அது ஓடும் திசையிலேயே, மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில், சுற்றிக்கொண்டே கிண்ணத்தை இறக்குங்கள். இம்பெல்லரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவித்துண்டு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டின் பற்களில் கிரீஸ் தடவலாம், உச்சி முனையில் வேண்டாம். அங்கே அடைந்த கிரீஸ் ஷாஃப்ட்டை முழுதாக ஏற விடாது.

தண்ணீர் வருகிறது, ஆனாலும் சூடு என்றால், சூடேறியதும் தண்ணீர் வழியைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட். நூலில் கட்டி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். பல என்ஜின்களில் 50 டிகிரிக்குப் பக்கத்திலேயே திறந்துவிடும். கொதிக்கும்வரை திறக்காவிட்டால் போய்விட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுமனே ஓட்டுவது தீர்வு இல்லை. சூடேறாத என்ஜினில் கரி பிடிக்கும், சீமெண்ணெயில் ஓடினால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

உப்புப் படிவதைத் தடுக்கக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்ட வேண்டும். நம் ஊரில் குடிக்கவே தண்ணீர் வண்டியை எதிர்பார்க்கிறோம், என்ஜினுக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம்தான். உறிஞ்சும் இடம் மூழ்குமளவு ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். அதே தண்ணீரைச் சில நாள் பயன்படுத்தலாம். நாக்கில் உப்புக் கரித்தாலோ எண்ணெய்ப் படலம் கெட்டியாக மிதந்தாலோ மாற்றுங்கள்.

சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லை

சின்ன என்ஜினில் காத்தாடியை ஷாஃப்ட்டோடு பூட்டும் பின் (முளை) அறுந்திருக்கும். அது அறுவதற்கென்றே வைத்தது. அதற்குப் பதிலாக ஆணியை வெட்டிப் போட்டால் அடுத்த முறை பாரில் அடிக்கும்போது கியர் உடையும். பெரிய என்ஜினில் காத்தாடியின் நடு ரப்பர் வழுக்கும். நடுக் குழாயிலிருந்து வெளி உடம்பு வரை பெயிண்டால் ஒரே கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது. ஒன்றும் இல்லையென்றால் என்ஜின் உயரத்தைப் பாருங்கள். காத்தாடிக்கு மேலிருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் காத்தாடி காற்றை இழுக்கும்.

கியர் ஆயிலில் தண்ணீர்

நம் கரையில் இதற்கு முதல் காரணம் தங்கூசி வலைதான். காத்தாடிக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட நரம்பு சூடாகி ஆயில் சீலை வெட்டிவிடும். வாரம் ஒருமுறை காத்தாடியைக் கழற்றி நரம்பை எடுங்கள். சீல் மாற்றும்போது ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தையும் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். எண்ணெய் நிரப்பும்போது கீழ்த் துவாரம் வழியாக ஏற்றி, மேல் துவாரத்தில் வழியும்போது மேல் திருகை முதலில் பூட்டுங்கள். திருகின் வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும்.

பிளக் சொல்வது

கழற்றிய பிளக் செங்கல் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. கறுத்து எண்ணெயாக இருந்தால் ஆயில் அதிகம், அல்லது பிளக் எண் தவறு. வெளுத்துக் காய்ந்திருந்தால் பெட்ரோல் குறைவு, ஓட்டாதீர்கள். ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாகவோ துருவாகவோ இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஹெட் கேஸ்கட்டுக்குத் தயாராகுங்கள்.

பிரித்து வேலை செய்ய வேண்டி வந்தால்

கம்ப்ரஷன் குறைவு, சிலிண்டரில் தண்ணீர், பிஸ்டன் பிடிப்பு. இந்த மூன்றில் ஒன்று உறுதியானால் மட்டும் திறங்கள். உப்பில் இறுகிய போல்ட்டை முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். அசையாவிட்டால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடேற்றி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஒரு நாள் காத்திருங்கள். உள்ளே முறிந்த போல்ட்டைத் துளைத்து எடுப்பது இந்த வேலையிலேயே கஷ்டமானது.

போரில் மேலிருந்து கீழாகக் கோடு இருந்து அதில் நகம் தட்டினால் ரீபோர்தான் (போரைப் பெரிதாக வெட்டுவது). பிஸ்டனை முதலில் வாங்குங்கள். 0.25, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ்களில் உங்கள் மாடலுக்கு எது கிடைக்கிறது என்று தெரியாமல் போரை வெட்டிவிட்டால் என்ஜின் மாதக்கணக்கில் கிடக்கும். பிஸ்டனையும் சேர்த்து லேத்தில் கொடுத்து, அதற்கு அளவாக வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய பின் போர்ட் துவாரங்களின் ஓரத்தை இலேசாக மழுக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூராக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். பைக் வேலை மட்டும் செய்யும் லேத்தில் இதை மறக்கக்கூடும், நாமே சொல்லிவிட வேண்டும்.

கழற்றும்போதே பிஸ்டன் தலையின் குறி எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிங்கின் இரண்டு முனைகளும் பிஸ்டன் பள்ளத்திலுள்ள சின்ன ஊசிக்கு இரு பக்கமும் உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னின் சர்க்கிளிப் பழையதைப் போடக் கூடாது. கிராங்க் சீல்களை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றுங்கள். ஹெட் போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். அலுமினியத்தில் போகும் ஸ்டீல் போல்ட் ஒவ்வொன்றுக்கும் மரைன் கிரீஸ் தடவுங்கள். உப்புநீர் அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாக அனோடு புதிதாகப் போடுங்கள், அதன்மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம்.

வேலை முடிந்த என்ஜினை முதல் 10 மணி நேரம் கரைக்குப் பக்கத்திலேயே ஓட்டுங்கள். பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களுக்கு இந்தக் காலத்தில் லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், பிறகு 20 மில்லி. உங்கள் என்ஜின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பைக்குக்கு ஊற்றும் ஆயில் வேண்டாம், டின்னில் டி.சி.டபிள்யூ.3 என்று போட்டிருக்க வேண்டும். முதல் மணி நேரம் பாதி ரேஸைத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்திலும் நிறுத்தி வைக்காதீர்கள். பத்து மணி நேரம் முடிந்ததும் கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள், என்ஜின் ஆறிய பின் ஹெட் போல்ட்களை மறுபடி சரிபாருங்கள், பிளக்குகளின் நிறத்தைப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் வலை ஏற்றலாம். படகில் இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், காத்தாடிக்கு இரண்டு பின், ஒரு ஓரிங், ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் ஃப்ளைவீலில் சுற்றி இழுக்க முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று, துடுப்பு, நங்கூரம் எப்போதும் இருக்கட்டும். முதல் சில நாள் துணைக்கு இன்னொரு படகோடு போங்கள்.